கேஸ் ஸ்டேஷனில் அந்தக் கதவைத் திறக்க வேண்டாம்

அமெரிக்காவில் பிள்ளைகளோடு மோட்டார்ஹோமில் ஊர் சுற்றும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கேஸ் ஸ்டேஷனில் (நம்மூர் பெட்ரோல் பங்க்தான்) நின்றதும் பக்கவாட்டுக் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் மின்சாரப் படி தானாக வெளியே நீளும். பம்ப் மேடையின் கான்கிரீட் விளிம்போ மஞ்சள் இரும்புத் தூணோ பக்கத்தில் இருந்தால் இடித்து வளைந்துவிடும்.

படிக்கான சுவிட்சை அணைத்தால் போதாதா என்பார்கள். வெளியே நீண்டிருக்கையில் அணைத்தால் அப்படியே நின்றுவிடும். பல வண்டிகளில் இன்ஜினைப் போட்டதும் உள்ளே போகும்தான்; சேறு ஏறிய படியை நான் அவ்வளவு நம்பமாட்டேன்.

ஓட்டுபவர் தன் பக்கக் கதவு இருந்தால் அதன் வழியே இறங்கட்டும், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கட்டும். கழிப்பறைதான் வண்டிக்குள்ளேயே இருக்கிறதே! படி உடைந்தால் பேரப்பிள்ளைகள் குதித்துவிடுவார்கள். முழங்கால் வலியோடு இருக்கும் என் மனைவி எப்படி இறங்குவாள்?