கவுஞ்சிக்கு டிசையர் சரிவருமா? மைலேஜை மட்டும் பார்க்காதீங்க!

செடான் கார் ஏன் நான்கு மீட்டருக்குள் சுருங்கியது? காரணம் வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. அந்தச் சலுகைக்காகத்தான் 2012-ல் மாருதி டிசையரின் நீளம் 3,995 மி.மீ. ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் 18 சதவீதம்தான்.

விலை குறைஞ்சது நல்லதுதான். ஆனால் கவுஞ்சி போன்ற மேல்மலை கிராமங்களுக்கு அது மட்டும் போதாது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கூடவே ஐந்து பேர், டிக்கியில் பூண்டு மூட்டை என்றால்? 163 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் இன்னும் இறங்கும், அடி தட்டும்.

2024 டிசையர், குளோபல் என்சிஏபி சோதனையில் 5 ஸ்டார் வாங்கிய கார். குறை சொல்ல வரலை. ராத்திரி அவசரத்துக்கு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய வீட்டில் அந்தப் பாதுகாப்பு பெரிய விஷயம். ஆனால் டெஸ்ட் டிரைவை சமவெளியில் முடிச்சிடாதீங்க. முழு குடும்பத்தோடு மலை ஏறிப் பாருங்க. இரண்டாவது கியரில் இறங்கிப் பாருங்க. சிஎன்ஜி வேண்டாம், சிலிண்டர் டிக்கியை அடைச்சிடும். மூட்டை ஏற்றுவதுதான் முதல் வேலைன்னா, செடானே வேண்டாம்.