சோளப்பாகும் சீனியும்



அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் நம் வீட்டு மேசையில் அமர்ந்தால், "உங்கள் நாட்டுக் கோலாவில் சோளப்பாகு இல்லை, சீனிதான், பிள்ளைகள் பயமின்றிக் குடிக்கலாம்" என்று கூறக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்றின் முற்பாதி பெரும்பாலும் உண்மை. பிற்பாதியையே யான் மறுக்கின்றேன்.

சோளத்தின் மாப்பொருளை நொதியங்களாற் குளுக்கோசாக்கி, அதில் ஒரு பகுதியைப் பிரக்டோசாக மாற்றி எடுப்பதே இப்பாகு. 1970களில் அது அமெரிக்காவிற் பரவியது. 2004இல் ஆய்வாளர் மூவர், அந்நாட்டாரின் உடற்பருமனுக்கு இப்பாகு காரணமாகலாம் என எழுதியதும் பெரும் வழக்காடுமன்றமே தொடங்கிற்று. உற்பத்தியாளரோ அதனைச் 'சோளச் சீனி' என அழைக்க அனுமதி வேண்டினர். 2012இல் அமெரிக்க அரசு மறுத்துவிட்டது.

ஆயின், மென்பானங்களிற் சேரும் பாகின் சர்க்கரையில் பிரக்டோஸ் ஏறக்குறைய 55 வீதம். நம் சீனியில் 50 வீதம். இந்த ஐந்து வீதத்திற்கா இத்தனை வாதம்?

விடை தேட அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தச் சூரிச் நகரிலேயே, பல்கலைக்கழக மருத்துவமனையினர் 94 ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்குக் குளுக்கோஸ், ஒரு சாராருக்குப் பிரக்டோஸ், இன்னொரு சாராருக்குச் சாதாரண சீனி என நாளொன்றுக்கு 80 கிராம் கலந்த பானம் ஏழு வாரம் கொடுக்கப்பட்டது. நான்காம் சாரார் அதனைத் தவிர்த்தனர். எண்பது கிராம் என்பது முக்கால் லீற்றருக்குச் சற்று மேற்பட்ட கோலாவில் உள்ள அளவு. பிறந்தநாள் விழாவொன்றில் நம் பிள்ளைகள் சிலர் குடித்து முடிப்பது. பிரக்டோஸ் அருந்தியோரின் ஈரல் கொழுப்பை இருமடங்காக உற்பத்தி செய்தது. சீனி அருந்தியோரின் ஈரலும் அவ்வாறே, சற்றுக் கூடுதலாகவுங்கூட. குளுக்கோஸ் மட்டும் அருந்தியோரிடம் இம்மாற்றம் காணப்படவில்லை.

ஆகவே சோளப்பாகு நல்லதென்று வாதாட வரவில்லை. அதனை வில்லனாக்கிவிட்டுச் சீனியை நல்லவனாக்குவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். (ஜேர்மானியர் கூறும் 'சுக்கர்' என்ற சொல்லும் நமது சர்க்கரையும் ஒரே மூலத்தின் வழி வந்தவை, பெயர் மாறினும் பொருள் மாறவில்லை!) தெற்காசியரான நமக்கு, மெலிந்த உடலிலும் நீரிழிவு விரைந்து வருவதை மருத்துவர்கள் எச்சரித்தவண்ணமே உள்ளனர். நம் தாயகத்திலும் 2016இல் மென்பானப் போத்தல்களுக்குச் சீனியின் அளவு காட்டும் நிறக்குறியீடு வந்தது. 2017இல் சீனிக்கேற்ற வரியும் வந்தது.

மாணவர்களே, போத்தலின் பின்புறத்து ஜேர்மன் எழுத்தை நம் தாய்மாருள் பலரால் விரைந்து வாசிக்க இயலாது, உங்களால் இயலும். கடையிலேயே நூறு மில்லிலீற்றருக்கு எத்தனை கிராம் சீனி என வாசித்துச் சொல்லுங்கள். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு விழாவில் மண்டபத்து மேசையில் கோலாப் போத்தல்களுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குடங்களை வைப்போம். சூரிச்சின் குழாய்த்தண்ணீர் மிக நல்லது; செலவும் இல்லை. தேநீருக்குச் சீனியையும் முன்கூட்டியே கலக்காது தனிக்கிண்ணத்தில் வைக்கலாம்.