புகைக்கூண்டு இல்லாத வீடு, திருத்திய வீடு அல்ல

தோட்டங்களில் வீட்டுத் திருத்தம் என்றால் கூரைத் தகரம், வெள்ளையடிப்பு, கழிப்பறை, தண்ணீர்க் குழாய் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அடுப்பைப் பற்றியும், அடுப்புப் புகை வெளியேற வேண்டிய வழியைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை. புகை என்பது லயத்து வாழ்க்கையோடு கூடப் பிறந்தது, பெண்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியது என்ற எண்ணம் நிர்வாகத்திடம் மட்டுமல்ல, நமது வீடுகளிலும் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. புகைக்கூண்டு வீட்டின் ஒரு பகுதி. கூரை ஒழுகினால் திருத்த வேண்டியது யாருடைய பொறுப்போ, புகைக்கூண்டு இடிந்தால் கட்டித்தர வேண்டியதும் அவர்களுடைய பொறுப்பே.

தோட்டத்தில் புகைக்கூண்டு என்பது புதுமையான பொருள் அல்ல. துரை பங்களாக்களைப் பாருங்கள். வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய காலத்திலேயே முன்னறையில் குளிர்காயும் அடுப்பும், அதற்கு மேல் கூரையைத் தாண்டி எழும்பும் செங்கல் புகைக்கூண்டும் வைத்தே கட்டினார்கள். சமையல்கட்டுக்குத் தனிப் புகைக்கூண்டு. அந்தக் கூண்டுகளுக்குச் செங்கல் சுமந்ததும், சாந்து குழைத்ததும், இன்று வரை கரி தட்டுவதும் நம்மவர்கள்தான். பழைய பங்களாக்கள் இப்போது உல்லாசப் பயணிகளின் விடுதிகளாக மாறும்போது, உள்ளே பழுதான பகுதியை உடைத்தெடுத்து, புதிய உள்குழாய் இறக்கி, அடுப்பையும் திருத்திக் கட்டுகிறார்கள். விருந்தாளியின் கண்ணில் புகை படக்கூடாது என்பதில் அத்தனை கவனம்.

தேயிலைத் தொழிற்சாலையையும் பாருங்கள். கொழுந்தைக் காயவைக்கும் சூட்டடுப்பில் விறகு எரிகிறது. அதன் புகை உயரமான கூண்டு வழியாக மேலே போகிறது. குழாயில் சிறு ஓட்டை விழுந்து புகை உள்ளே கசிந்தாலும் தேயிலையில் புகை மணம் ஏறிவிடும், கொழும்பு ஏலத்தில் விலை விழுந்துவிடும். ஆகவே ஓட்டை கண்டதும் திருத்தம் நடக்கிறது. தேயிலைத்தூளில் ஏறக்கூடாத புகை, கொழுந்து பறிப்பவளின் நெஞ்சில் ஏறலாம் என்பதுதான் இத்தனை காலமாக இருந்துவரும் கணக்கு.

லயன்கள் கட்டப்பட்ட முறையே இதற்கு மூல காரணம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஒரு இஸ்தோப்பு. இதற்குள்தான் ஒரு குடும்பத்தின் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். இரட்டை லயன்களில் ஒரு குடும்பத்தின் பின்சுவரே அடுத்த குடும்பத்தின் பின்சுவர். பின்பக்கம் யன்னல் வைக்க இடமே இல்லை. இஸ்தோப்பை அடைத்துச் சமையல்கட்டாக்கிய பிறகு புகைக்குத் தெரிந்த ஒரே வழி வாசற்கதவுதான். மழை நாட்களில், குளிர் நாட்களில் அதுவும் மூடிக்கிடக்கும்.

பிற்காலத்தில் கட்டிய இரட்டை வீடுகளிலும், திருத்திய சில லயன்களிலும் புகைக்கூண்டு வைத்தார்கள். ஆனால் வைத்ததோடு சரி. ஆண்டுகள் பல கடந்துவிட்டன. செங்கல்லுக்கு இடையிலிருந்த சாந்து உதிர்ந்து, தகரக் குழாய் துருப்பிடித்து, பல வீடுகளில் கூண்டு இருந்த அடையாளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இன்னொரு கொடுமையும் நடக்கிறது. பழைய தகரத்தைக் கழற்றிப் புதிய தகடு போடும்போது, கூண்டு வெளியே வந்த துவாரத்தையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். மழை ஒழுகாத கூரை கிடைத்தது என்று குடும்பம் மகிழ்ந்திருக்க, அன்று மாலையிலிருந்து வீட்டுக்குள் முன்பைவிட அதிகம் புகை தங்குகிறது.

புகை என்ன செய்கிறது என்பதைப் பாடசாலையில் நாம் தினமும் பார்க்கிறோம். காலையில் சிவந்த கண்களோடு வரும் பிள்ளைகள், மாதக்கணக்கில் விடாத இருமல், அப்பியாசக் கொப்பிகளில் ஏறிய புகை மணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி வீட்டுக்குள் எரியும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இறக்கின்றனர். சிறு பிள்ளைகளுக்கு நிமோனியாக் காய்ச்சல், பெரியவர்களுக்கு நாட்பட்ட சுவாச நோய், இருதய நோய், பெண்களுக்குக் கண்ணில் வெண்படலம், கர்ப்பிணிகளுக்கு நிறை குறைந்த குழந்தை என்று அதன் பட்டியல் நீளமானது. விடியற்காலை எழுந்து அடுப்பை மூட்டி, பிரட்டுக்குப் போகுமுன் இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சமைத்து முடிக்கும் தாய்மாரும், அவர்களுடைய மடியிலும் முதுகிலும் இருக்கும் கைக்குழந்தைகளும்தான் இந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள்.

தீயும் இதனோடு சேர்ந்தே வருகிறது. பல லயன்களில் காம்பராக்களுக்கு இடையிலான சுவர் கூரை வரை எழும்புவதில்லை. மேலே எல்லா வீடுகளுக்கும் ஒரே வெளி. ஒரு வீட்டின் வளைமரத்தில் பிடித்த நெருப்பு அந்த வெளியாலே வரிசை முழுவதும் ஓடிவிடுகிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் புத்தகங்கள், நகை நட்டு எல்லாம் போய், மாற்றுத் துணியும் இல்லாமல் குடும்பங்கள் பாடசாலைக் கட்டிடத்தில் தங்கவேண்டி வருகிறது. தீ மின்சாரக் கோளாறால் வந்ததா அடுப்பால் வந்ததா என்று பிறகு விசாரிப்பார்கள். வெடித்த கூண்டும் புகைக்கரி படிந்த வளைமரமும் உள்ள லயனில் எந்தப் பொறியும் பெருந்தீயாகும் என்பதை விசாரிக்காமலே சொல்லலாம்.

“இனி எல்லோரும் காஸ் அடுப்புக்கு மாறிவிடுவார்கள், விறகடுப்புக்கு ஏன் செலவு?” என்று ஒரு கேள்வி வரும். 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காஸ் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். கொழும்பில் மாடிவீட்டில் இருந்தவர்கள்கூட விறகு தேடினார்கள். தோட்டத்தில் கவாத்து மிலாறும் காய்ந்த கொப்புகளும்தான் அன்றும் கைகொடுத்தன, இன்றும் கைகொடுக்கின்றன. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் விறகை முழுவதும் கைவிடும் நாள் இன்னும் வரவில்லை.

“புதிய வீடுகள் வருகின்றன, பொறுத்திருங்கள்” என்பது இரண்டாவது பதில். தனி வீடும் காணி உறுதியும் நமது உரிமை. அதில் விட்டுக்கொடுப்பில்லை. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகளும், பின்னர் 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் என்று திட்டங்கள் உண்டு. ஆனால் லயன்களில் இன்னும் வாழும் குடும்பங்களின் தொகையோடு பார்க்கும்போது இது போதாது, வேகமும் போதாது. வீடு வரும் வரை இன்றைய பிள்ளை இன்றைய புகையைத்தான் சுவாசிக்கிறது. அத்தோடு, புதிய வீட்டுத் திட்டங்களிலும் விறகடுப்புக்கு ஒழுங்கான புகைக்கூண்டு இருக்கிறதா என்பதைப் படத்திலேயே பார்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் குடும்பங்கள் புது வீட்டின் பின்னால் தகரக் கொட்டில் அடித்து, அதே புகைக்குள்தான் மறுபடியும் சமைக்கப்போகின்றன.

நல்ல அடுப்பு ஒன்று மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். 1980களில் நம் நாட்டில் உருவான ‘அனகி’ மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்துகிறது, இரண்டு பாத்திரங்களை ஒன்றாக ஏற்றலாம். பயன்படுத்த வேண்டிய அடுப்புதான். ஆனால் அதற்குப் புகைக்கூண்டு கிடையாது. புகை குறையுமே தவிர வெளியேறாது. அடுப்பும் கூண்டும் இரண்டும் வேண்டும்.

கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்தால்தான், ஒப்புக்கு ஒரு தகரக் குழாயை நட்டுவிட்டுப் போவதைத் தடுக்க முடியும். சூடான புகை இலேசானது, அது மேலே ஏறும். குழாய் எவ்வளவு உயரமோ, உள்ளே எவ்வளவு சூடு நிற்கிறதோ, அவ்வளவு பலமாகப் புகையை இழுக்கும். கூரைக்குச் சற்று மேலே நின்றுவிடும் குட்டைக் குழாயில் காற்று புகையைத் திருப்பி அடிக்கும். கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடிச் சுற்றளவில் உள்ள கூரை முகட்டைவிட 2 அடியும் உயர்ந்து நிற்க வேண்டும் என்பது கட்டிட வேலையில் வழங்கும் அளவு.

செங்கல் கூண்டுக்குள் உள்குழாய் அவசியம். புகையில் உள்ள புளிப்பு ஈரமும் மழையும் சேர்ந்து சாந்தைத் தின்றுவிடும். சுட்ட மண் குழாய் அல்லது துருப்பிடிக்காத உருக்குக் குழாய் உள்ளே இருந்தால் சுவர் தப்பும், வெடிப்பு வழியாகப் பொறி வெளியேறாது, உட்பக்கம் வழவழப்பாக இருப்பதால் கரியும் குறைவாகப் படியும். பழைய கூண்டில் உள்குழாய் உடைந்திருந்தால் வெளியே சாந்து பூசுவது திருத்தம் ஆகாது. உள்குழாயை மாற்ற வேண்டும், அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தால் அடுப்பிலிருந்தே திரும்பக் கட்ட வேண்டும். செங்கல் கூண்டுக்கும் மரத்துக்கும் இடையில் 2 அங்குல இடைவெளியும், ஒற்றைத் தகட்டுக் குழாய் என்றால் 18 அங்குல இடைவெளியும் விடவேண்டும். மேலே மழை மூடி வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைப் புகைக்கு ஒருபோதும் வைக்கக் கூடாது, அது உருகி எரியும். அஸ்பெஸ்டஸ் தகட்டை வீட்டில் வைத்து வெட்டுவதோ துளைப்பதோ கூடாது, அந்தத் தூசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும்.

நாமே செய்ய வேண்டியவையும் உண்டு. மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூண்டைத் தட்டிக் கரி எடுக்க வேண்டும். அடுப்பு முழுதும் ஆறிய பிறகு, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, கயிற்றில் பாரமும் முரட்டுத் தூரிகையும் கட்டி மேலிருந்து இறக்கினால் போதும். இது வீட்டு ஆண்கள் ஏற்க வேண்டிய வேலை. ஈர மிலாறு எரித்தால் தார் போன்ற கரி படியும், அது தீப்பிடிக்கக்கூடியது. விறகைக் காயவைத்தே எரிக்க வேண்டும். குளிருக்காகத் தணல் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் காபன் ஓரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

ஆனால் கட்டுவதும் மாற்றுவதும் நமது செலவு அல்ல. லயன் நிர்வாகத்தின் சொத்து என்பதால்தான் ஒரு சுவரை இடிக்கவும் நாம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. சொத்து அவர்களுடையது என்றால் திருத்தமும் அவர்களுடையதே. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியபோது லயன்களும் சேர்ந்தே மாறின. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் இதில் பங்குண்டு. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று பிரதேச சபைகளும் இனிச் சொல்ல முடியாது.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு தோட்டத்திலும் லயன் லயனாக அடுப்பு, புகைக்கூண்டு, நடுச்சுவர் ஆகியவற்றின் நிலை பதிவு செய்யப்பட வேண்டும்.

2. கூரை மாற்றும் ஒவ்வொரு வேலையிலும் புகைக்கூண்டும் சேர்க்கப்பட வேண்டும். துவாரத்தை மூடிய வீடுகளில் அது திரும்பத் திறக்கப்பட வேண்டும்.

3. பழுதான உள்குழாய்களும் அடுப்புகளும் நிர்வாகச் செலவில் மாற்றப்பட வேண்டும். அதற்கெனத் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக் கூடாது.

4. காம்பராக்களுக்கு இடையிலான சுவர்கள் கூரை வரை உயர்த்தப்பட வேண்டும்.

5. புதிய வீட்டுப் படங்கள் அனைத்திலும் புகைக்கூண்டோடு கூடிய விறகடுப்புச் சமையல்கட்டு இடம்பெற வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் இம்மாதமே தமது லயன்களைச் சுற்றிப் பார்த்து, வீட்டிலக்கத்தோடு பட்டியல் எழுத வேண்டும். சுவரில் தார்க்கறை, கூண்டில் வெடிப்பு, துருப்பிடித்த குழாய், கருகிய வளைமரம், திரும்பி வரும் புகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சமைப்பவர்களிடமே கேளுங்கள், பட்டியலில் முதல் கையொப்பம் அவர்களுடையதாக இருக்கட்டும். ஒரு பிரதியைத் துரையிடம் கையளித்து, ஒப்பம் பெற்று, ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

தோழர்களே, வருகின்ற தைப்பொங்கலுக்கும் சுவரின் கரியை மறைக்கச் சுண்ணாம்பு பூசத்தான் போகிறோம். பூசுங்கள். ஆனால் அதற்கு முன் கோரிக்கைப் பட்டியல் துரையின் மேசைக்குப் போயிருக்க வேண்டும்.