நாலு லிட்டர் கறுப்பு எண்ணெய், யார் கணக்கில்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். மெக்கானிக்கல் பசங்க யாரும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். இன்றைக்குப் பேசப்போவது எஞ்சினைப் பற்றி இல்லை, கணக்கைப் பற்றி. அது நம்ம ஏரியா :-)

பழைய கார் வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே ஆயில் மாற்றுவது எப்படி என்று எழுதுவதையும் வீடியோ போடுவதையும் பார்த்திருப்பீர்கள். எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கு. டிரெயின் போல்ட்டைக் கழற்று. பழைய ஆயிலை வடியவிடு. வாஷரை மாற்று, ஃபில்டரை மாற்று, புது ஆயிலை ஊற்று, டிப்ஸ்டிக்கை உருவிப் பார். சுபம், வணக்கம்.

எல்லாம் சரி. அந்தத் தட்டில் வடிந்ததே நாலு லிட்டர் கறுப்பு எண்ணெய், அது எங்கேய்யா போச்சு? பெரும்பாலும் அந்த ஒரு சீனை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

வீட்டில் ஆயில் மாற்றுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. அதை நான் ஆதரிக்கிறேன். அதிலும் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரனுக்குப் பழைய கார் மேல் பாசம் இல்லாமல் இருக்குமா? வண்டலூரில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961-லிருந்து ஹெரால்டு அங்கேதான் தயாரானது. பின்னால் 1972-ல் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000, அத்தோடு கதை முடிந்தது. ஹெரால்டின் பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுசாகவே முன்னால் சாய்ந்துகொள்ளும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். வீட்டில் வேலை பார்க்கவென்றே செய்த மாதிரி இருக்கும். மறைமலை நகரில் ஃபோர்டு 1999-ல் ஐகானைத் தொடங்கி, 2022-ல் கார் தயாரிப்பையே நிறுத்தியது. அம்பாசிடர் 2014-லேயே நின்றுவிட்டது.

இந்த மாதிரி வண்டிகளைப் புதுசாக வந்த சர்வீஸ் சென்டர்களில் விட்டால், பையன்கள் தண்ணீர் மாதிரி மெல்லிசான 5டபிள்யூ-30 ஆயிலை ஊற்றிவிடும் அபாயம் உண்டு. 20டபிள்யூ-50 மாதிரி கெட்டியான மினரல் ஆயில் கேட்கிற எஞ்சின்கள் இவை. அம்பாசிடருக்குக் கீழே ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம் என ஒரு பழைய ஜோக் உண்டு. அப்படிப்பட்ட வண்டியை வைத்திருப்பவரே கவனித்துக்கொள்வதுதான் நல்லது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எல்லாம் அந்தத் தட்டைப் பற்றித்தான்.

எஞ்சின் ஆயில் தேய்ந்து காலியாகிற பொருள் இல்லை, அழுக்காகிற பொருள். கரி, எரியாத பெட்ரோல், ஈரம், உலோகத் துகள் எல்லாம் அதில் சேர்கிறது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் கலப்பது இன்னும் அதிகம். அதனால்தான் 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளில் இந்தப் பழைய ஆயில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு தடவை ஆயில் மாற்றும்போது வடிகிற எண்ணெய் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஒரே ஒரு வண்டியின், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இதைச் சொன்னதும் வழக்கமாக மூன்று பதில் வரும்.

ஒன்று: "நாலு லிட்டர்தானே தம்பி, கால்வாயில் ஊற்றினால் கரைந்து போயிடும்." எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். செங்கல்பட்டில் தெருவில் ஊற்றியது அடுத்த மழைக்குக் கொளவாய் ஏரி பக்கம் போகலாம். பாலாற்றில் சேர்ந்தால் கல்பாக்கம் தாண்டி வயலூர் பக்கம் கடலில் போய் விழும். மாமல்லபுரம் பக்கம் ஊற்றினால் பக்கிங்காம் கால்வாய். நாம் ஊற்றிய இடத்தில் அது நிற்காது.

இரண்டு: "வீணாக்கலைப்பா, கரையானுக்கு மரத்தில் பூசுவோம், சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவோம்." பூசுவது யார் கை? பெரும்பாலும் தினக்கூலிக்கு வருகிற ஒருவரின் வெறுங்கை. பழைய எஞ்சின் ஆயிலைத் திரும்பத் திரும்பத் தோலில் தடவிய எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நம் வீட்டு அழுக்கை இன்னொருவர் கையில் துடைப்பதற்குச் சிக்கனம் என்று பெயரா?

மூன்று: "பெரிய கம்பெனிக்காரனைக் கேட்க மாட்டே, எங்களை மட்டும் கேட்பியா?" நியாயமான கேள்வி. 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியதும், அதை வாளியால் அள்ளியதும் நமக்கு மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்குள் எண்ணெய் புகுந்தபோது மீனவர்களே இறங்கி அள்ளினார்கள். இரண்டு தடவையும் நாம் எல்லோரும் கோபப்பட்டோம். கோபம் சரிதான். ஆனால் கப்பலில் இருந்து வந்தால் குற்றம், நம் வீட்டு வாசலில் இருந்து போனால் பொழுதுபோக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

இப்போது கணக்குக்கு வருகிறேன். பி.காம் முதல் வருடம் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. "வீட்டிலேயே மாற்றியதில் லேபர் சார்ஜ் மிச்சம்" என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறோம். இன்னொரு பக்கம் எழுதப்படாமல் ஏரியின் பெயரிலும் கிணற்றின் பெயரிலும் கிடக்கிறது. அந்தப் பில் வேறு யாருக்கோ போகிறது. இது லாபம் இல்லை, கடன்.

ஆனால் பழியைக் கார்க்காரர் தலையில் மட்டும் போட நான் தயாரில்லை. பழைய கார் பேட்டரியை யாராவது ஏரியில் வீசிப் பார்த்திருக்கிறீர்களா? மாட்டார்கள். ஏன்? கடைக்குப் போனால் பழைய பேட்டரிக்கு ஒரு விலை கழித்துக்கொண்டு புதுசு தருவார்கள். பேட்டரி விற்பவர்கள் பழையதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. ஈயத்துக்கு விலையும் இருக்கிறது. மனிதனைத் திருத்தவே இல்லை, விலையைத் திருத்தினார்கள், பேட்டரி தானாகத் திரும்பி வந்தது.

இன்னொன்று, நம்ம டாஸ்மாக். காட்டில் பாட்டில் உடைந்து யானைகள் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டதும், 2022-ல் நீலகிரியில் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். குடித்துவிட்டு வருகிறவரிடமே பாட்டிலைத் திருப்பி வாங்க முடிகிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் தெளிவாக ஆயில் மாற்றுகிறவரிடம் வாங்க முடியாதா?

பழைய ஆயிலும் குப்பை இல்லை. அழுக்கை நீக்கிச் சுத்திகரித்தால் திரும்ப அடிப்படை எண்ணெயாக மாறும். 2024 ஏப்ரல் 1 முதல், லூப்ரிகன்ட் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் ஒரு பங்கு பழைய எண்ணெய் மறுசுழற்சி ஆவதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று மத்திய அரசு விதியும் கொண்டுவந்துவிட்டது. காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் நான் ஆயில் டப்பா வாங்கிய எந்தக் கடையிலும் "பழையது கொண்டு வந்தியா தம்பி?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விதான் குறைகிறது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஆயில் டப்பாவின் விலையோடு ஒரு முன்பணம் வாங்குங்கள். அதே டப்பாவில் பழைய ஆயிலை அடைத்துத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். வாங்கிய கடையே சேகரிக்கும் இடமாக இருக்கட்டும். உபதேசம் வேண்டாம், போஸ்டர் வேண்டாம். டப்பா தானாகத் திரும்பி வரும்.

அதுவரைக்கும் நாம் என்ன செய்வது? வடித்த ஆயிலைப் புனல் வைத்து, புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி இறுக மூடுங்கள். தண்ணீர், கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்தால் சுத்திகரிப்பது கஷ்டமாகிவிடும். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து வைத்துச் சொட்ட விட்டு, அதையும் சேருங்கள். பிறகு டிரம்மில் சேர்த்து வைக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது, "அண்ணே, இந்த டிரம்மை யார் எடுத்துட்டுப் போறாங்க? பதிவு செஞ்ச ஆளா?" என்று கேளுங்கள். முறைப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினொன்றாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

ஹெரால்டையும் அம்பாசிடரையும் ஐம்பது வருடம் காப்பாற்றுகிறவர்களுக்கு, ஒரு டப்பாவைக் கடை வரைக்கும் காப்பாற்றத் தெரியாதா என்ன? அதைச் செய்துவிட்டு வந்து "நானே ஆயில் மாத்தினேன்" என்று சொல்லுங்கள், முதல் ஆளாகக் கை தட்டுகிறேன். இதற்காக என் வீட்டுக்கு ஆட்டோ அனுப்ப நினைப்பவர்கள் தயவுசெய்து ஹெரால்டு அனுப்பவும் :-)