மதர்போர்டோடு சாகிற உரிமமா?

கணினியோடு சேர்த்து விற்ற விண்டோஸ் உரிமம் அந்தக் கணினியோடு முடிந்துவிடும்; அதைப் பிரித்து இன்னொன்றில் போடுவது எந்த நாட்டிலும் திருட்டுத்தான் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். அவர் காட்டும் ஒரே சான்று மைக்ரோசாஃப்டின் உரிம ஒப்பந்தம். விற்றவன் போட்ட நிபந்தனையையே சட்டமாக்கி, காசு கொடுத்து வாங்கியவரைத் திருடன் என்கிறார். இவ்வளவு பெரிய பழியைச் சுமத்துமுன் ஒரு தீர்ப்பையாவது படித்திருக்க வேண்டாமா?

ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2000 ஜூலை 6 அன்றே இதற்கு விடை சொல்லிவிட்டது. வழக்குத் தொடுத்தது மைக்ரோசாஃப்ட். எதிரில் நின்றவர் பெர்லினில் கணினிப் பாகங்கள் விற்கும் ஒரு வியாபாரி. புதிய கணினியோடு மட்டுமே விற்க வேண்டிய ஓஇஎம் பதிப்பைத் தனியாக விற்றார் என்பது புகார். பெர்லின் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது; கார்ல்ஸ்ரூவேயிலுள்ள உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு பிரதி சந்தைக்கு வந்துவிட்டால், அது மேற்கொண்டு கைமாறுவதைத் தடுக்கும் உரிமை அவரிடம் தீர்ந்துபோகிறது. முதலில் வாங்கியவரிடம் போட்ட நிபந்தனை, அடுத்தடுத்து வாங்குகிறவர்களைக் கட்டாது.

“விற்கவே இல்லை, உரிமம்தான் கொடுத்தார்கள்” என்கிறார். மென்பொருள் நிறுவனமான ஆரக்கிளும் இதையேதான் வாதாடியது. 2012 ஜூலை 3 அன்று, பழைய உரிமங்களை விற்ற யூஸ்டுசாஃப்டுடனான வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு காலவரையறை இல்லாமல் பயன்படுத்தக் கொடுத்தால் அது விற்பனை. இணையத்தில் இறக்கிய பிரதிக்கும் அதுவே விதி.

ஓஇஎம் பதிப்பை மலிவாகக் கொடுத்ததால் வாங்கியவர் கட்டுப்பட வேண்டுமாம். அந்த விலை, நிறுவனம் கணினித் தயாரிப்பாளரோடு பேசி, சம்மதித்து வாங்கிய விலை. அதற்கான கணக்கைக் கடைசியில் வாங்கியவர் தலையில் கட்டுவது அநியாயம்.

அமெரிக்காவை மட்டும் சொல்லியிருந்தால் அவர் வாதத்துக்குக் கொஞ்சம் காலாவது இருந்திருக்கும். 2010-இல் வெர்னர் – ஆட்டோடெஸ்க் வழக்கில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்கின் பக்கம் தீர்ப்பளித்தது. அதை உலகச் சட்டமாக்கியதுதான் தவறு.

ஐரோப்பாவிலும் எல்லை உண்டு. உரிமத்தை விற்கிறவர் தன் பழைய பிரதியை அழித்துவிட வேண்டும். மூல வட்டு பழுதானாலும் காப்புப் பிரதியை நிறுவனத்தின் அனுமதியின்றி விற்கக் கூடாது என்று 2016-இல் லாத்வியா வழக்கொன்றில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. ஒரே உரிமத்தை இரண்டு கணினிகளில் ஓட்டுகிறவரை அவர் கண்டிக்கட்டும், நானும் கூடவே கண்டிக்கிறேன். ஒன்றில் நீக்கி ஒன்றில் போடுகிறவர் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டார்.

இதையெல்லாம் தேடிப் படிக்க நேரமில்லை என்றால், அவர் சான்றாகக் காட்டிய ஒப்பந்தத்தையாவது முழுதாகப் படித்திருக்கலாம். விண்டோஸ் 10 உரிமத்தின் இடமாற்றப் பிரிவு, ஜெர்மனியில் வாங்கியவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, அங்கே அந்நாட்டுச் சட்டமே செல்லும் என்று தொடங்குகிறது. அதை எழுதியதும் மைக்ரோசாஃப்ட்தான்.