மாருதி இயந்திரமும் மண்ணெண்ணெயும்

நான் விளையாட்டுச் செய்தி எழுதுபவன் அல்லன். எனினும் 1993இல் சென்னையில் தங்கியிருந்தபோது, நான் வேலை பார்த்த பத்திரிகையின் விளையாட்டு நிருபர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், இருங்காட்டுக்கோட்டையில் நடந்த போர்முலா மாருதி ஓட்டப் போட்டியைப் பார்த்து எழுதும்படி என்னை அனுப்பினார்கள். முல்லைத்தீவில் மாட்டுவண்டியும் துவிச்சக்கரவண்டியும் பார்த்து வளர்ந்த எனக்கு ஒற்றை இருக்கைக் கார் என்பதே புதுமை.

உலகம் அறிந்த போட்டியன்று அது. சந்தைக்குப் போய்வரும் குடும்பக் காரான மாருதி 800இன் மூன்று சிலிண்டர் இயந்திரமே அந்தக் கார்களில் இருந்தது. அவற்றை வடிவமைத்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்த்தன். மோட்டார் ஓட்டம் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. கரிவர்த்தனும் ஆலை அதிபர் குடும்பத்தவரே. ஆனால் வெளிநாட்டுக் காரை வாங்கி ஓட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. உள்ளூரில் கிடைக்கும் இயந்திரத்தைக்கொண்டு உள்ளூரிலேயே கார் செய்து, பிறரும் ஓட வழி திறந்தார். 1995இல் வான்விபத்தில் இறந்தார். போர்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் போர்முலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார்.

தலைநகர் டில்லிக்கு அருகே பெரும் பொருட்செலவில் கட்டப்பட்ட புத் ஓடுதளத்தில் 2011 முதல் 2013 வரை மூன்றே முறை போர்முலா வன் நடந்து நின்றுபோயிற்று. கரிவர்த்தன் பெயரில் செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட சிறிய தளமோ தேசியப் போட்டிகளைத் தொடர்ந்து நடத்திவந்தது. சிறிதாகத் தொடங்கியதே நிலைத்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தப் போட்டி நடந்த வாரத்தில்தான், முள்ளியவளையில் கராஜ் வைத்திருந்த என் தமக்கையின் மகனின் கடிதம் பல கைகள் மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. பொருளாதாரத் தடையால் வன்னியில் பெற்றோல் இல்லாத காலம். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார் சைக்கிளை ஓட்டும் முறையை, கையால் வரைந்த படத்துடன் எழுதியிருந்தான். "மாமா, புகைதான் கூட, ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆள் போய்ச் சேரும்" என்று முடித்திருந்தான்.

கரிவர்த்தன் செய்ததும் அவன் செய்ததும் ஒரே வேலைதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை. முன்னவருக்கு ஓடுதளமும் பார்வையாளரும் கிடைத்தனர். பின்னவனுக்குக் குண்டும் குழியுமான வீதி கிடைத்தது.

இன்று அவனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, முச்சக்கரவண்டி திருத்துகிறான். அவனைப்போன்ற பலருடைய தொழிலறிவு எந்த ஏட்டிலும் இல்லை, அவர்களோடு மறைந்துபோகும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அந்த மாணவர்கள் இம்மனிதர்களை அழைத்துக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அத்தோடு நில்லாமல், பழைய இயந்திரம் ஒன்றைக்கொண்டு சிறிய ஓட்டக் கார் ஒன்றை அவர்களோடு சேர்ந்து செய்துபார்க்கட்டும். புலம்பெயர்ந்த உறவுகள் கோயில் கோபுரங்களுக்கு அள்ளித் தருவதில் சிறு பங்கு இதற்குப் போதும்.

அந்தக் கார் முதலாவதாக வரவேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் செய்தது என்று சொல்லத்தக்கதாக ஓடினாலே போதும்.