பாட்டி ஏன் விழுந்தாள்?

குளியல் அறையில் பாட்டி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்தது. "தரையில் ஈரம். கால் வழுக்கிவிட்டது" என்கிறார்கள் வீட்டார்.

ஈரம் ஒரு காரணம்தான். ஆனால் அதே ஈரத்தில் பேத்தி தினமும் நடக்கிறாள். விழவில்லையே!

முழங்காலைப் பார்க்கவேண்டும். 2019-ல் உலகில் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. இது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அவர்களில் 10 பேருக்கு 6 பேர் பெண்கள். கீழே விழுந்து ஆண்டுதோறும் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் சாகிறார்கள். இதுவும் அந்த ஸ்தாபனத்தின் கணக்கே. இரண்டும் வேறு வேறு கணக்குதான். பல வீடுகளில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

எப்படி? மூட்டு தேய்ந்தால் வலிக்கிறது. வலிக்குப் பயந்து நடையைக் குறைக்கிறார்கள். நடை குறைந்தால் தொடைத் தசை மெலிகிறது. கால் இடறும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசைதான். ஒரு தடவை விழுந்தவர் அப்புறம் நடக்கவே அஞ்சுகிறார். தசை இன்னும் மெலிகிறது.

"உனக்கு ஏன் இந்த வேலை? பேசாமல் உட்கார், அம்மா!" இது பாசத்தில் சொல்லும் பேச்சு. கெடுதலும் அதில்தான் இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி, சற்று நிறுத்தி, இறக்கவேண்டும். தினமும் செய்தால் தொடை வலுப்பெறும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இத்தகைய பிசியோதெரபி பயிற்சியை வீட்டுக்கே வந்து கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. மாத்திரை கேட்பவர்கள் இதையும் கேட்கவேண்டும்.

குளியல் அறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. இரவில் எரிய ஒரு சிறு விளக்கு. இடுப்பு ஆபரேஷன் செலவுக்கு முன் இது ஒரு செலவா?